சுவர்த் துளையில் வந்த உப்பு

மலையில் பாதி உயரத்தில் ஒரு நீள வீடு. ஒரே வரிசையில் ஒன்பது அறைகள். ஐந்தாவது அறையில் சாமி இருந்தார். இரண்டாவதில் அவருடைய சிஷ்யை தமயந்தி இருந்தாள். ஆறாவது அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் காலி.

சாமி என்றதும் வெள்ளைத் தாடி வைத்த கிழவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு முப்பத்து நாலு வயது. சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. கீழே ஊரில் அவரை உப்புச் சாமி என்பார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் கல் உப்பு எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும். சாப்பிடும்போதும் அதைத் தொட மாட்டார்.

தமயந்தி வந்த அன்று அவர் இரண்டு காரியம் செய்தார். அவள் பையில் இருந்த நோட்டையும் பேனாவையும் வாங்கி, கீழே இறங்கிக்கொண்டிருந்த பால்காரரிடம் கொடுத்துவிட்டார். அவள் கையில் ஒரு பிடி கல் உப்பை வைத்தார்.

"இது எதுக்கு?"

"வச்சிருங்கம்மா."

வைத்திருந்தாள். மூன்றாம் வாரம் ரசத்துக்கு உப்பு இல்லாமல் போனது. எடுத்துப் போட்டுவிட்டாள்.

நாலு மாதம் போனது. பெருக்கினாள், தண்ணீர் தூக்கினாள், பாத்திரம் தேய்த்தாள். சாமி ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஆறாவது அறைக்குள்ளிருந்து சில நேரம் சுரண்டுகிற சத்தம் கேட்கும். என்ன என்று ஒரு முறை கேட்டாள். அணில் என்றார். அதோடு முடிந்தது.

ஒரு மத்தியானம் நல்ல மழை. சாமி தன் அறையில் அடுப்பு மூட்டி அரிசி போட்டிருந்தார். தமயந்தி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சாமி, நாலு மாசமா பெருக்குறேன். பெருக்குனா ஞானம் வரும்னா, எங்க ஊர் முனிசிபாலிட்டில பாதிப் பேர் ஞானிங்க."

"இருக்கலாம். கேட்டுப் பாத்தீங்களா?"

"நான் ஒரு கேள்வியோட வந்தேன். என்ன கேள்வின்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க."

தமயந்தி நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். அவளுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவளால் கேட்க முடியும். கேட்டாள்.

"வைரஸ்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது. ஒரு சீட்டு மாதிரி. உள்ள எழுத்து மட்டும் இருக்கும். அது உடம்புல ஒரு செல்லுக்குள்ள போச்சுன்னா, அந்தச் செல் தன் வேலையை விட்டுட்டு அந்தச் சீட்டையே நகல் எடுக்க ஆரம்பிச்சுடும். ஆயிரக்கணக்குல எடுக்கும். அப்புறம் அது செத்துடும். நகலெல்லாம் பக்கத்துச் செல்லுக்குள்ள போகும்."

சாமி நிமிர்ந்து பார்த்தார். "சீட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. புரியறதுக்காக நானா சொல்றேன்."

"ம். சொல்லுங்க."

"ஆனா சாகறதுக்கு முன்னாடி அந்தச் செல் ஒண்ணைச் செஞ்சு வெளியே விடும். இன்டர்ஃபெரான்னு பேரு. அது வைரஸைத் தொடக்கூட தொடாது. பக்கத்துச் செல் மேல போய் ஒட்டும். ஒட்டுனதும் அந்தச் செல் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துடும். புதுசா எதையும் செய்யறதை நிறுத்தும். உள்ள கெடக்குற சீட்டையெல்லாம் கிழிக்கும், நல்லது கெட்டது பாக்காம. காய்ச்சல், மேல்வலி, சோறு எறங்காதது, இதுல பாதி அதனால வர்றதுதான். பாவம், பழி மொத்தமும் வைரஸ் மேல."

"சரி. கேள்வி எங்க?"

"அந்த முதல் செல்லுக்கு இதனால என்ன ஆகப்போகுது? அது அனேகமா போயிடும். எதுக்குச் சொல்லணும்? சொல்றதுன்னா இவ்வளவு வலிக்கிற மாதிரியா சொல்லணும்?"

மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது. சாமி அரிசியை ஒரு முறை கிளறினார்.

"இது செல்லைப் பத்தின கேள்வியாம்மா?"

தமயந்தி உள்ளங்கையிலிருந்த காய்ப்பைத் தேய்த்துக்கொண்டாள்.

"என் அண்ணன்," என்றாள். "அறவாழின்னு பேரு. என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவன். திருப்பூர்ல ஒரு மாடி ரூம்ல தனியா இருந்தான். அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல். அவனுக்கும் வந்துடுச்சுன்னு தெரிஞ்சு, கேரியர்ல கஞ்சி எடுத்துக்கிட்டு ஓடினேன். கதவைத் தொறக்கல. உள்ளேருந்து, 'உன் மூஞ்சியைப் பாக்க எனக்குப் பிடிக்கல, போ'ன்னான். செருப்பை எடுத்துக் கதவுமேல எறிஞ்சான். அவ்வளவுதான் அன்னைக்குப் பேசினது. அஞ்சாம் நாள் செத்துப் போயிட்டான்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"எட்டு."

சாமி எழுந்தார். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அடுப்பில் ஊற்றினார். நெருப்பு சீறி அணைந்தது. அறை முழுக்கப் புகை.

"சாமி, சோறு பாதிதான் வெந்திருக்கு."

"ஆமா."

"மத்தியானம் என்ன சாப்பிடறது?"

"பசிக்கும்," என்றார். உட்கார்ந்தார். "இந்த வீடு என்ன வீடுன்னு தெரியுமா?"

"சாமியாருங்க இருந்த வீடுன்னு பால்காரர் சொன்னார்."

"நகல் எடுக்கறவங்க இருந்த வீடு. ஒன்பது அறை, ஒன்பது பேர். கதவுக்குக் கீழே தாள் வரும். வந்ததை அப்படியே எழுதணும். எங்கேருந்து வந்துச்சு, யார் அனுப்பினாங்கன்னு கேக்கக் கூடாது. ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அதுதான் எங்க விரதம். நான் பதினேழு வயசுல வந்தேன். அப்ப என் பேர் கதிரேசன்."

"என்ன எழுதினீங்க?"

"மாட்டு வைத்தியம். எழுநூறு பக்கம். ஆறு வருஷம்."

"மாடு வச்சிருந்தீங்களா?"

"எங்க வீட்ல ஆடுகூட கிடையாது. ஆனா அந்தப் புஸ்தகம் எனக்கு உயிர். கடைசி மூணு பக்கம் பாக்கி இருந்துச்சு."

சாமி தன் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஒரு துளை. ஒரு கை நுழையும். இத்தனை நாள் அதை விளக்கு மாடம் என்று தமயந்தி நினைத்திருந்தாள். குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஆறாவது அறை. உள்ளே இருட்டு.

"இந்த வீட்டைக் கட்டினவங்க விவரமானவங்க. வந்ததையெல்லாம் எழுதறவனுக்கு ஒரு நாள் என்ன வரும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு சுவத்துலயும் ஒரு துளை. உள்ள வந்து எழுதறவன் ஒவ்வொருத்தன் கையிலயும் ரெண்டு பிடி உப்பு, ஒரு பக்கத்துச் சுவத்துக்கு ஒண்ணு. உன் அறைக்குள்ள வரக்கூடாதது வந்துட்டா, உப்பை அள்ளித் துளைவழியா தள்ளு. உனக்கு உப்பு வந்துச்சுன்னா, அடுப்பை அணை. மையைக் கீழே ஊத்து. அறையில இருக்கற தாள் அத்தனையும் கிழி. படிச்சுப் பாத்துக் கிழிக்காதே. கிழிச்சதுல ஒரு துண்டைக் கதவுக்கு வெளியே தொங்கவிடு. அப்புறம் உன் உப்பை அடுத்த அறைக்குத் தள்ளு."

"துண்டை எதுக்குத் தொங்கவிடணும்?"

"வெளியே ரெண்டு காவல்காரங்க சுத்துவாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாதவங்களாப் பாத்துத்தான் வைப்பாங்க. எழுத்தோட சாடையை மட்டும் பாத்துப் பழகினவங்க. பழகின சாடைன்னா போயிடுவாங்க. புதுசா இருந்தாலோ, ஒண்ணுமே தொங்கலன்னாலோ, கதவை உடைப்பாங்க."

தமயந்தி மெல்ல, "என் உப்பு ரசத்துல போயிடுச்சு சாமி," என்றாள்.

"குடிச்சப்பவே தெரிஞ்சுது. இங்க முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செஞ்சாங்க. நூறு வருஷமா யாருக்கும் உப்பு வந்ததில்ல. பொன்னுரங்கம் அண்ணன் மட்டும் பத்திரமா வச்சிருந்தார்."

"அவர் யாரு?"

"ஆறாவது அறை. என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர். பெரிய குறும்புக்காரர். இந்தத் துளைவழியா முறுக்கு குடுப்பார். முறுக்குன்னு நினைச்சு வாங்கினா சில நாள் பல்லி வால் இருக்கும். நான் கத்துவேன். அவர் சிரிப்பார். எழுதும்போது வரிக்கு ஒரு தரம் நிறுத்தி விரலைச் சொடக்குவார். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு எழுத வராது."

சுவருக்குள் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் மத்தியானம்தான். மழை. அவர் கதவுக்குக் கீழே ஒரு தாள் வந்த சத்தம் கேட்டுச்சு. எழுத ஆரம்பிச்சார். ஒரு வரி போச்சு, சொடக்கு இல்ல. பத்து வரி போச்சு, இல்ல. பேனாவை மையில தோய்க்கிற சத்தமும் இல்ல. நிக்காம எழுதினார். மனுஷன் மூச்சு வாங்கவாவது நிறுத்துவான்ல. இது நிக்கல."

"நீங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். அதுக்குப் பதிலா ஒரு கை வந்துச்சு. அவர் இடது கை. உப்பை எறிஞ்சிட்டு உள்ள போயிடுச்சு. எனக்குக் கோவம். 'அண்ணே, ஆரம்பிச்சிட்டியா உன் வேலையை'ன்னு துளையில கண்ணை வச்சேன். ரெண்டாவது பிடி நேரா கண்ணுக்குள்ள விழுந்துச்சு."

"ஐயோ."

"கண்ணு எரிஞ்சு தரையில உருண்டேன். அவரைக் கண்டபடி திட்டினேன். அப்பத்தான் உறைச்சுது. விளையாட்டுக்கு ஒரு பிடி போதும். இவர் வச்சிருந்ததே ரெண்டு பிடி. ரெண்டையும் குடுத்துட்டார்."

"அப்புறம்?"

"இதோ இப்ப செஞ்சேனே, அதைச் செஞ்சேன். அடுப்பை அணைச்சேன். மையை ஊத்தினேன். மாட்டு வைத்தியத்தை எடுத்தேன். கிழிக்கக் கை வரல. மூணு பக்கம்தானே, எழுதி முடிச்சு ஒளிச்சு வச்சுட்டா என்னன்னு தோணுச்சு. கண்ணு தெரியல. தண்ணியா கொட்டுது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன். அப்ப கதவுக்குக் கீழே ஒரு தாள் சரக்குன்னு உள்ள வந்துச்சு."

தமயந்தி தன்னையறியாமல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் தரை. மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

"எடுத்தேன். ஒத்தைக் கண்ணைக் கஷ்டப்பட்டுத் தொறந்து பாத்தேன். முதல் ரெண்டு வார்த்தைதான் தெரிஞ்சுது. 'தம்பி கதிரேசனுக்கு.' அவர் கையெழுத்து. குண்டு குண்டா, அழகா. இத்தனை வருஷத்துல அவர் எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமாம்மா? அடுத்த வரியைப் படிக்கறதுக்கு எவ்வளவு பாத்தேன். கண்ணு ஒத்துழைக்கல. உப்பு."

"என்ன செஞ்சீங்க?"

"மாட்டு வைத்தியத்தோட சேத்துக் கிழிச்சேன்."

அடுப்பிலிருந்து கடைசிப் புகை போனது. பாதி வெந்த சோறு குளிர்ந்து பானையில் கிடந்தது.

"நாலாவது அறைக்கு உப்பைத் தள்ளினேன். என் உப்பு எப்பவோ சோத்துல போயிடுச்சு, என்கிட்ட இருந்தது எனக்கு வந்த அந்த ரெண்டு பிடிதான். நாலாவது மூணாவதுக்குத் தள்ளினார். எங்க எல்லாருக்கும் அவர் உப்புதான் போச்சு. அந்தப் பக்கம் ஏழாவதுக்கு நான் ஓடு மேல ஏறிப் போய்ப் போட்டேன். சாயங்காலத்துக்குள்ள எட்டு அறையிலயும் சத்தம் அடங்கிடுச்சு. ஆறாவதுல மட்டும் எழுதற சத்தம். எட்டு நாள் யாரும் அடுப்பு மூட்டல. பசி. உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி வலி. குளிரு. நாங்க எல்லாரும் படுத்துக்கிட்டே அவரைத் திட்டினோம். எங்களை இப்படிப் போட்டது அவர்தானேன்னு."

"அந்தத் தாளை யாரும் படிக்கலையா?"

"எல்லா அறைக்கும் வந்துச்சு. நிறைய வந்துச்சு. எல்லாத்துலயும் அவங்கவங்க பேரு. ஒருத்தரும் படிக்கல. மையும் இல்ல, தாளும் இல்ல. படிச்சிருந்தாலும் எதால எழுதறது?"

"காவல்காரங்க?"

"எட்டுக் கதவுல துண்டு தொங்குச்சு. ஆறாவதுல இல்ல. உடைச்சாங்க. நெஞ்சு உயரத்துக்குத் தாள். பேரைத் தவிர, அத்தனையும் ஒரே பக்கத்தோட நகல்."

"பொன்னுரங்கம் அண்ணன்?"

"கை எழுதிக்கிட்டு இருந்துச்சாம்."

"நான் அவரைக் கேக்கறேன் சாமி."

"அவங்களும் அவரைத்தான் தேடினாங்க. கைதான் எழுதிக்கிட்டு இருந்துச்சு. காவல்காரங்க ரெண்டு பேரும் வெளியே வந்து, கூரையையும் பின்சுவத்தையும் உள்பக்கமா தள்ளி, வாசலை அடைச்சுட்டாங்க. எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. மத்தவங்க ஒவ்வொருத்தரா எறங்கிப் போயிட்டாங்க. நான் இருந்துட்டேன்."

"பயமா இல்லையா?"

"இந்த மலைக்குப் பின்னால இன்னொரு வீடு இருக்கு. பதினேழு அறை. போய்ப் பாத்தேன். அங்க யாருமே இல்ல. சுவத்துல துளையெல்லாம் மெழுகு வச்சு அடைச்சிருக்கு, உள்பக்கத்துலேருந்து. அங்க வந்த தாள்ல முதல் வரியே 'துளையை அடை'ன்னுதான் இருந்திருக்கும். அதைப் பாத்தப்பதான் பயம் வந்துச்சு."

மழை குறைந்தது. அதனால் சுவருக்குள் கேட்ட சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. சுரண்டியது. நிற்காமல் சுரண்டியது.

"சாமி, அது அணில்தானே?"

"அணில்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

தமயந்தி துளையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் ஒண்ணை மறைச்சுட்டேன்."

"சொல்லுங்கம்மா," என்றார் சாமி.

"முதல் நாள் போன்னு சொன்னான்ல. நான் மறுபடி நாலாம் நாள் போனேன். கதவு கொஞ்சம் தொறந்திருந்துச்சு. படியில என் காலடி கேட்டதும் கூப்பிட்டான். 'தமா, வந்துட்டியா? உள்ள வா. பக்கத்துல வந்து உக்காரு.' அவ்வளவு மெதுவா. தமான்னு அவன் என்னைக் கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும்."

"போனீங்களா?"

"செருப்பு எறிஞ்ச சத்தம் காதுலயே இருந்துச்சு. வீம்பு. கேரியரை வாசல்ல வச்சுட்டு எறங்கிட்டேன். பாதிப் படி எறங்கற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். ஒரே மாதிரி. அதே வார்த்தை. அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மறுநாள் இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கேள்வி இதுதான் சாமி. செல்லெல்லாம் சும்மா. அவன் என்கிட்ட ரெண்டு தரம் பேசினான். ஒரு தரம் போன்னான். ஒரு தரம் வான்னான். போன்னதைப் புடிச்சுக்கிட்டு, வான்னதை விட்டுட்டேன். எட்டு வருஷமா தூங்கல."

சாமி உப்புக் கிண்ணத்தை எடுத்தார். அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். துடைப்பம் பிடித்துக் காய்த்து வெடித்திருந்த கை. எரிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு வந்த தாள்ல இருந்தது அவர் கையெழுத்துதானே?" என்று கேட்டாள்.

"அவர் கையெழுத்துதான்."

"தம்பின்னுதானே எழுதியிருந்தார்?"

"ஆமா."

"அப்ப அது அவர் உங்களுக்கு அனுப்பினதுதானே, சாமி?"

"அவர் எனக்கு அனுப்பினது உப்பு மட்டும்தான்ம்மா."